எதன்மேல் வரைகிறாய்

நஸ்மியா டோஹாவுக்குப் போகுமுன் எழுதிவைத்த நிரல்
ஒன்றே ஒன்றைத்தான் கேட்டு வாங்குகிறது:
வரையும் கை.

நிறம் தெரியும் அதற்கு. கோட்டின் தடிப்புத் தெரியும்.
எழுத்தை எங்கே தொடங்குவது, வளைவை எங்கே மூடுவது,
எல்லாம் தெரியும்.
பரப்பு எவ்வளவு அகலம் என்று மட்டும்
யாரும் தனியாகச் சொல்லி அனுப்பவில்லை.

உட்துறைமுக வீதி, பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி.
இரவு பதினொன்றே கால்.
மூதூர் இறங்குதுறையில்
காலை காட்டவேண்டும் இந்த ஆழப்படத்தை:
எங்கே எத்தனை பாகம் தண்ணீர்,
எந்த மணலில் படகின் வயிறு தட்டும்.

கொட்டியாரக் குடா நீலமாய் வந்துவிட்டது.
ஆறு வந்து விழும் பக்கம் கலங்கல் பச்சை.
‘ஆழம், பாகத்தில்’ என்ற குறிப்பு மட்டும்
வலது ஓரம் போகாமல்
நடுக்கடலில் நிற்கிறது,
கயிறறுந்த மிதவை.

ஓரம் எங்கே?
அறுநூறு என்று எழுதினேன்.
ரொஷானின் போனில் குறிப்பு திரைக்கு வெளியே விழுந்தது.
முந்நூறு என்றேன். மடிக்கணினியில்
மறுபடி நடுக்கடல்.

பெயர் சொல்லிப் பக்கம் முழுக்கத் தேடினேன்.
ஒரே பெயரில் இரண்டு கன்வஸ் வைத்திருக்கிறாள் நஸ்மியா,
மேலே நிலாவெளிக்கு, கீழே மூதூருக்கு.
கூப்பிட்டதும் ஓடிவந்தது நிலாவெளி.

பிறகுதான்
கேட்கவேண்டிய இடத்தில் கேட்டேன்.
வரையும் கையே, நீ
எதன்மேல் வரைகிறாய்?

ஒரு புள்ளி. புள்ளிக்கு அப்பால் ஒரு சொல்.
அவ்வளவுதான்.
கை திரும்பித் தன் கீழே கிடந்ததைக் காட்டியது:
அகலம் நானூற்றுப் பன்னிரண்டு,
உயரம் எழுநூற்று முப்பது.
தேடவில்லை, யோசிக்கவில்லை.
இவ்வளவு நேரமும் தெரிந்துகொண்டே
வரைந்துகொண்டிருந்திருக்கிறது.

எனக்கு வெட்கமாயிருந்தது.
ஒஸ்லோவிலிருந்து கூப்பிடுகிறவர் கேட்பார்,
எங்கேயிருந்து வேலை செய்கிறீர்கள், கொழும்பா?
ஓம், என்பேன்.
ஜன்னலுக்குக் கீழே
பழத்தோலுக்கு மான்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்காதிருக்க
மைக்கை அணைத்துவிட்டு
மறுபடி போட்டு, ஓம், கொழும்புதான் என்பேன்.

குறிப்பு வலது ஓரத்துக்குப் போய்விட்டது.
அத்தோடு விட்டிருக்கலாம்.
பரப்பே கைக்கு வந்தபின் ஆசை யாரை விட்டது?
இன்னும் கொஞ்சம் அகலட்டுமே என்று
புது எண்ணைக் கொடுத்தேன்.

குடா போயிற்று.
ஆற்றுவாய், மணல்திட்டு, பாகக்கணக்கு, குறிப்பு,
ஒன்றும் இல்லை.
கைகூடத் தன் நிறத்தை மறந்து
கறுப்பில் நிற்கிறது, முதல்நாள் பள்ளிப் பிள்ளைபோல.
பழைய எண்ணையே கொடுத்துப் பார்த்தேன் பிறகு.
அதற்கும் அழிகிறது.
அளவைத் தொட்டால் போதும் போலிருக்கிறது.

எனவே: முதலில் அகலம். பிறகு கடல்.
வரியை மேலே தூக்கிவைத்துவிட்டு
இரண்டே முக்காலுக்குப் படுத்தேன்.

காலை, இறங்குதுறை. டீசல் வாசம்.
லாபிர் நானா போனை வாங்கி
வெயிலுக்கு மறைத்துப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
குறிப்பு இருக்கும் இடத்தை அவர் பார்க்கவேயில்லை.
நகத்தால் நீலத்தில் ஓரிடம் தட்டினார்:

‘இவடத்த மூணு பாகம் இல்ல தங்கச்சி.
மழைக்குப் பொறகு ஒண்டர.’

நான் எட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.
அது
எதையும் திருப்பிச் சொல்லவில்லை.